சந்தை வகுப்பு எடுத்த டீச்சர்

அந்தம்மாவை நான் முதன்முதலில் பார்த்தபோது, என் கடையிலிருந்த சுரைக்காயின் கழுத்தில் கட்டைவிரல் நகத்தை இறக்கிக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஏழெட்டுப் பிள்ளைகள். எல்லாம் நாலாவது ஐந்தாவது படிக்கிற வயது.

"பாத்துக்கிடுங்க. நகம் இறங்குச்சுன்னா பிஞ்சு. இறங்கலன்னா முத்தல். கடைக்காரங்க என்ன சொன்னாலும் காதுல வாங்கக் கூடாது. நம்ம நகந்தான் சாட்சி" என்றார்.

பிள்ளைகள் ஆளுக்கொரு சுரைக்காயை எடுத்து நகத்தை இறக்கினார்கள். ஒரு பையன் இரண்டு இடத்தில் இறக்கிப் பார்த்தான். எல்லாம் பிஞ்சுதான். விடியுமுன்னே பறித்த காய். "பரவாயில்ல, நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஒன்றுகூட வாங்காமல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார். நகம் பட்ட இடம் வெயில் ஏறுவதற்குள் பழுத்துக் கறுத்துவிடும். அப்புறம் அதை யார் வாங்குவார்கள்? அன்றைக்கு எங்கள் வீட்டில் சுரைக்காய்க் கூட்டு. மிச்சத்தை மாடு தின்றது.

கோயில்பட்டி உழவர் சந்தையில் நான் கடை போட்டிருந்த காலம் அது. இடைசெவல் தாண்டி உள்ளே போகிற கிராமம் எங்களுடையது. சுற்றிலும் மானாவாரிப் புஞ்சை, உளுந்தும் கம்பும் பருத்தியும். எங்களுக்கு மட்டும் தண்ணீர் நிற்கிற ஒரு கிணறு இருந்ததால் வெண்டை, கத்தரி, சீனியவரை, கீரை என்று தோட்டம் போட்டிருந்தோம். முதல் பஸ்ஸில் மூட்டையோடு ஏறி வந்தால் வெயில் ஏறுமுன் வியாபாரம் முடித்துத் திரும்பிவிடலாம்.

அந்தம்மா ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தைக்குப் பின்னால் உள்ள காலனியில் வீடு. சாயங்காலம் டியூசன். ஞாயிற்றுக்கிழமை காலையில் டியூசன் பிள்ளைகளை வரிசையாகச் சந்தைக்குக் கூட்டி வருவார். அதற்குச் சந்தை வகுப்பு என்று பேர். பிள்ளைகள் செல்போனை விட்டுவிட்டு நாலு காய்கறியின் பேரைத் தெரிந்துகொள்ளட்டும் என்று பெற்றவர்களுக்கெல்லாம் ஏகப்பட்ட சந்தோசம்.

பிள்ளைகள் சந்தைக்கு வருவது எனக்கு ஆகாத காரியமில்லை. என் மகன் கூட்டல் கழித்தல் படித்ததே என் கடையில் சாக்கு மேல் உட்கார்ந்துதான். சந்தை வாசலில் விலைப்பலகை இருக்கிறது, அதை வாசிக்கலாம். எந்த மாசத்தில் எந்தக் காய் வரும், எது வராது, ஏன் போன வாரம் மலிந்து கிடந்தது இந்த வாரம் காணோம், எல்லாம் கேட்கலாம். தெரியாத ஆட்களிடம் வாய் திறந்து பேசப் பழகலாம். நான் சொல்லவும் தயாராகத்தான் இருந்தேன். அந்தம்மா எதையும் கேட்கவிடவில்லை. அவர் சொல்லிக்கொடுத்தது ஒரே ஒரு பாடம். எதிரே உட்கார்ந்திருக்கிறவன் உன்னை ஏமாற்றப் பார்க்கிறான், கண்டுபிடி.

கைப்பையில் எப்போதும் ஒரு உப்புப் பாக்கெட் வைத்திருப்பார். பிரிக்காத ஒரு கிலோ பாக்கெட். ஒவ்வொரு கடையாக நின்று, ஒரு பிள்ளையிடம் அதைக் கொடுத்து, தராசில் வைக்கச் சொல்வார். தராசு சரியான எடை காட்டினால் அவர் முகத்தில் ஒரு வாட்டம் வரும். "இன்னைக்குச் சரியா வச்சிருக்காங்க" என்பார். அந்த 'இன்னைக்கு' என்ற வார்த்தையை அவர் சொல்கிற விதம் இருக்கிறதே, அதற்காகவே எழுந்து ஒரு அறை விடலாம் போலிருக்கும். நேற்றைக்கு நான் களவாணி, நாளைக்கும் களவாணி, இன்றைக்கு மட்டும் தப்பித்துவிட்டேன் என்று அதற்கு அர்த்தம்.

வெண்டைக்காயில் நுனி ஒடிப்பது எல்லாரும் செய்வதுதான். இரண்டு காய் ஒடித்துப் பார்த்துவிட்டு ஒரு கிலோ அள்ளிப்போவார்கள். இந்தப் பிள்ளைகள் குவியலில் பாதியை ஒடித்துவிடும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் வாயைத் திறந்துவிட்டேன்.

"டீச்சர், வாங்குதத மட்டும் ஒடிச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஒடிச்சுப் போட்டத ஒருத்தரும் வாங்க மாட்டேங்காவ."

"சோதிக்காம எப்பிடிம்மா வாங்குறது? மடியில கனம் இல்லேன்னா வழியில எதுக்குப் பயம்?" என்றார். பிள்ளைகள் பக்கம் திரும்பி, "பாத்தீங்களா, கேள்வி கேட்டா கோவம் வருதுன்னா அங்கன ஏதோ இருக்குன்னு அர்த்தம். இது முக்கியமான பாயிண்ட்" என்றார். பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். எனக்குக் கோபம் வருகிறதா என்று பார்த்தார்கள். வந்தது.

அவரை எந்தக் காலத்திலோ யாரோ பெரிதாக ஏமாற்றிவிட்டார்கள், அதனால்தான் இப்படி என்று ஒரு பேச்சு இருந்தது. இருக்கலாம். ஏமாந்தவர்கள் எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருத்தர் உண்டு. அவர்களெல்லாம் சுரைக்காயைக் கீறிக்கொண்டா திரிகிறார்கள்?

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தடவை அவர் உண்மையாகவே ஒரு ஆளைப் பிடித்தார். மொத்த மார்க்கெட்டில் பெட்டி பெட்டியாகத் தக்காளி எடுத்து வந்து, சொந்தத் தோட்டத்துத் தக்காளி என்று விற்றுக்கொண்டிருந்த ஒருவன். உழவர் சந்தையில் விளைவித்தவர்கள்தான் விற்க வேண்டும், அதற்கு விவசாயி என்று கார்டு கொடுப்பார்கள், வியாபாரிக்கு இடமில்லை. பெட்டியின் அடியில் ஒட்டியிருந்த சீட்டை அந்தம்மா பார்த்துவிட்டார். சத்தம் போட்டு, சந்தை ஆபீஸ்காரரைக் கூட்டி வந்து, ஆளை வெளியேற்றும்வரை விடவில்லை. அவனால் எங்கள் எல்லாருக்கும் நட்டம்தான். அன்றைக்கு நாங்களே அவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். அதற்கப்புறம் அவரைக் கையில் பிடிக்க முடியவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் ஒரு தக்காளிக்காரனைப் பிடிக்க வேண்டும் என்று வர ஆரம்பித்தார்.

எனக்கு அடுத்த இடத்தில் கழுகுமலைப் பக்கத்து அண்ணாச்சி ஒருவர் கடை போடுவார். அறுபது தாண்டிய ஆள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. நிழல் நகர நகரத் தன் சாக்கை என் இடத்துக்குள் நகர்த்திக்கொண்டே வருவார். கேட்டால் சண்டைக்கு வருவார். வாயில் எந்நேரமும் புகையிலை. ஆனால் பிள்ளைகளைக் கண்டால் ஆள் மாறிவிடுவார். வெள்ளரிப் பிஞ்சை ஒடித்துக் கையில் கொடுத்து, "தின்னு தாயி, துட்டு வேண்டாம்" என்பார்.

ஐப்பசியில் மழை விழுந்தால் அவர் கடையில் அதலைக்காய் வந்துவிடும். விரல் நுனி அளவு சின்னக் காய், பாகற்காயைவிடக் கசப்பு. அதை யாரும் விதைப்பதில்லை. கரிசல் மண்ணுக்குள் கிழங்கு கிடக்கும். மழை பட்டதும் கொடி தானாக வரும். யாருடைய புஞ்சையென்று பார்க்காமல் கிராமத்தில் தேவைப்படுகிறவர்கள் பறித்துக்கொள்வார்கள். புஞ்சைக்காரர்களும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அவர்களுக்கு அது களை. சர்க்கரை வியாதிக்காரர்கள் அந்தக் காய்க்காக அண்ணாச்சி எப்போது வருவார் என்று காத்துக் கிடப்பார்கள்.

டியூசன் பிள்ளைகளில் கண்ணாடி போட்ட பெண்பிள்ளை ஒன்று உண்டு, தர்ஷினி என்று பேர். அதிகம் பேசாது. எதையும் ஒடிக்காது, எடுத்து மோந்து பார்த்துவிட்டு வைத்துவிடும். அண்ணாச்சிக்கு அந்தப் பிள்ளை மேல் தனிப் பிரியம். தூரத்தில் வரும்போதே, "வந்துட்டாள்லா என் பேத்தி" என்று வெள்ளரியைத் தேடுவார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் அண்ணாச்சி கடைக்கு முன்னால் வரவில்லை. என் கடைக்கு ஓரமாக நின்றுகொண்டு, தர்ஷினியின் காதில் ஏதோ சொல்லி அனுப்பினார். கையில் செல்போன். பிள்ளைகளைப் படம் எடுக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

பிள்ளை போய், "தாத்தா, இது என்ன காய்?" என்று கேட்டது.

"அதலக்கா தாயி. ஒங்க ஆச்சிக்குச் சர்க்கர இருந்தா வாங்கிட்டுப் போ."

"இது நீங்க விதைச்சதா?"

அண்ணாச்சி சிரித்தார். "இத எவன் விதைப்பான்? மழ பெஞ்சா தானா வரும்."

"உங்க தோட்டத்துலயா?"

"நம்ம புஞ்சையில ஒரு கொடிதான். ஊர்க்காரன் புஞ்சை பூரா கெடக்கும். காலையில போயி குனிஞ்சு குனிஞ்சு பறிச்சிட்டு வாரதுதான். தாத்தாவுக்கு இடுப்பு ஒடிஞ்சு போச்சு பாரு" என்று இடுப்பைப் பிடித்துக் காட்டி, பிள்ளையைச் சிரிக்க வைத்தார்.

அதற்குள் டீச்சர் செல்போனோடு முன்னால் வந்துவிட்டார். "பிள்ளைகளா, கேட்டீங்களா? விவசாயின்னு கார்டு. விக்கிறது அடுத்தவன் புஞ்சையில பறிச்சது. இதுக்குப் பேரு என்ன?"

ஒரு பையன் உரக்கச் சொன்னான். "களவு டீச்சர்."

அண்ணாச்சிக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. சிரித்த வாய் சிரித்தபடியே இருந்தது. கையில் தர்ஷினிக்காக எடுத்த வெள்ளரிப் பிஞ்சு. நான் எழுந்துவிட்டேன்.

"டீச்சர், என்ன பேச்சு பேசுதீங்க? அதலக்காய எவன் வெள்ளாம வச்சான்? கரிசக்காட்டுல போயிக் கேட்டுப் பாருங்க, அதக் களவும்பாங்களா?"

"நீங்க எதுக்கும்மா குறுக்க வர்றீங்க? அவரே வாயால சொல்லிட்டாரு. நான் ஒண்ணும் சேத்துச் சொல்லலையே."

சேர்த்துச் சொல்லவில்லைதான். அவர் எதையும் சேர்த்துச் சொல்கிற ஆள் இல்லை. அதனால்தான் அவரை ஒன்றும் செய்ய முடியவில்லை.

மறுநாள் என்னிடம் வாடிக்கையாகக் கீரை வாங்குகிற ஒரு அம்மா தன் செல்போனைக் காட்டினார். காலனிக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் அந்த வீடியோ வந்திருந்தது. 'உண்மையை வரவழைத்த எங்கள் தர்ஷினிக்குச் சபாஷ்' என்று மேலே எழுதியிருந்தது. கீழே வரிசையாகக் கைதட்டுகிற பொம்மைகள். அந்தக் குரூப்பிலிருந்து இன்னொன்றுக்கு, அதிலிருந்து வேறொன்றுக்கு. ஆபீஸ்காரர் அண்ணாச்சியைக் கூப்பிட்டு, கார்டில் எழுதியிருக்கிற விளைச்சலை மட்டும் கொண்டுவாங்க என்று தன்மையாகத்தான் சொல்லி அனுப்பினார். அதைப் பற்றி அண்ணாச்சி கவலைப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து வெறும் வெள்ளரியோடு வந்தார். சாக்கை விரித்தார், நிழலுக்காக என் பக்கம் நகரவில்லை. வெயிலிலேயே உட்கார்ந்திருந்தார். நானாகத்தான் கேட்டேன்.

"என்ன அண்ணாச்சி, இங்கன தள்ளி வாங்களேன்."

"இருக்கட்டும் தாயி." வெள்ளரியை அடுக்கிக்கொண்டே அவரே சொன்னார். "புஞ்சைக்காரன் மவன் டீக்கடையில வச்சுக் கேக்கான். 'என்ன மாமா, எங்க புஞ்சையில களவாண்டுதான் கோயில்பட்டியில போயி விக்கீரோ'ங்கான். செல்லுல பாத்திருக்கான். சிரிச்சுக்கிட்டுதான் கேட்டான். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வீட்டுக்கு வந்து சோறு எறங்கல."

"விளையாட்டுக்குக் கேட்டிருப்பான், விடுங்க."

"வெளையாட்டுத்தான். ஆனா எங்க அப்பன் காலத்துல இருந்து அதுக்குக் களவுன்னு ஒரு பேரு இல்ல தாயி. இப்பம் பேரு வந்துட்டு. காலையில அந்தப் புஞ்சைக்குள்ள எறங்கப் போனேன். கால் எறங்க மாட்டேங்கு."

அதுதான் அவர் சந்தைக்கு வந்த கடைசி நாள். அந்த மழைக்காலம் முடியும்வரை சர்க்கரை வியாதிக்காரர்கள் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள்.

அடுத்த ஞாயிறு டீச்சர் வந்தார். காலி இடத்தைப் பார்த்தார். "ஆளக் காணோம், பாத்தீங்களா" என்று பிள்ளைகளிடம் சொன்னார். சந்தைக்கே ஏதோ நன்மை செய்துவிட்ட மாதிரி ஒரு நடை. நேரே என் கடைக்கு வந்தார். அன்றைக்குக் குறுக்கே பேசியதை மறக்கவில்லை போல. நான் அப்போது பக்கத்து வீட்டு மதினி கொடுத்துவிட்ட முருங்கைக்காயையும் சேர்த்து வைத்திருந்தேன். மரம் அவர்களுடையது, காய்த்துத் தொங்கியது, கொண்டுபோய் விற்றுக் கொடு என்றார்கள். கிராமத்தில் இதெல்லாம் நடக்கிறதுதான்.

டீச்சர் செல்போனை எடுத்தார். "தர்ஷினி, போ. இந்த முருங்கைக்காய் அவங்க வீட்டு மரத்துதானான்னு கேளு."

பிள்ளை நகரவில்லை.

"கேளுடா. நீதான் நல்லாக் கேப்ப."

"கேக்க மாட்டேன் டீச்சர்."

"ஏன்?"

பிள்ளை என்னைப் பார்த்தது. கண்ணாடிக்குள் கண் கலங்கியிருந்தது. குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"கேட்டா உண்மையச் சொல்லிருவாங்க டீச்சர்."

என் கையில் இருந்த தராசுத் தட்டை அப்படியே கீழே வைத்தேன். சந்தையில் எத்தனையோ பேச்சுக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒன்றைக் கேட்டதில்லை. கேள்வி கேட்கக் கற்றுக்கொண்ட பிள்ளை, டீச்சர் எதற்குக் கேட்கச் சொல்கிறார் என்பதைக் கண்டுபிடித்துவிட்டது.

"வர வரத் திமிரு கூடிப் போச்சு" என்றார். பிள்ளையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

தர்ஷினி அதற்கப்புறம் வகுப்போடு வரவில்லை. ஒரு நாள் அவளுடைய அப்பா மட்டும் பைக்கில் வந்து, அண்ணாச்சியின் ஊர் எது என்று விசாரித்தார். பிள்ளை இராத்திரி சரியாகத் தூங்குவதில்லையாம். போய்ப் பார்க்க வேண்டும் என்கிறதாம். வழி சொன்னேன். போய்விட்டு வந்து, காய் வாங்குகிற சாக்கில் என்னிடம் சொன்னார். அண்ணாச்சி வீட்டு வாசலில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாராம். பிள்ளை பக்கத்தில் போய் நின்றதாம். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, "இன்னைக்கும் படம் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாராம். இல்லை என்று இவர் சொல்லியிருக்கிறார். பிள்ளை பேச வாயெடுப்பதற்குள் அண்ணாச்சி சுளகை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாராம். கதவைச் சாத்தவில்லை. திரும்ப வரவும் இல்லை. வெகுநேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டார்களாம்.

"பிள்ள மேல கோவம் இருக்காதுல்லாக்கா?" என்று அந்த அப்பா என்னிடம் கேட்டார். இருக்காது என்று சொன்னேன். எனக்கு எப்படித் தெரியும்? அவர் மனசில் என்ன இருந்ததோ. ஒரு பிள்ளையிடம் சிரித்துப் பேசினதற்கு இவ்வளவு தூரம் வரும் என்று கண்டவர், இன்னொரு தடவை சிரித்துப் பேசுவாரா?

டீச்சர் வகுப்பை விடவில்லை. வேறு பிள்ளைகள் வந்தார்கள். வீடியோவும் தொடர்ந்தது. காலனியில் அவருக்கு விழா எடுத்துச் சால்வை போர்த்தினார்கள் என்று கேள்விப்பட்டேன். அவர் தெருவைக் கடக்கும்போது பழைய மாணவர்கள் வண்டியை நிறுத்தி வணக்கம் சொல்வதை நானே பார்த்திருக்கிறேன். நல்ல டீச்சர், கணக்குக் கஷ்டமில்லாமல் வரும், எல்லாரையும் பாஸாக்கிவிடுவார் என்பார்கள். இருக்கட்டும். எனக்குத் தெரிந்த டீச்சர் வேறு.

கடைசியாக அவரைப் பார்த்தது பஸ் ஸ்டாண்டில். பெங்களூரில் மகனோடு இருக்கப் போகிறாராம். வீட்டைக் காலி செய்துவிட்டாராம். மதுரைக்குப் போய் ரயிலேற வேண்டும் என்றார். பெரிய பை ஒன்று, சின்னப் பை இரண்டு. முட்டி வலி, கம்பு வைத்திருந்தார். என்னைத் தெரிந்துகொண்டு அவராகத்தான் பேசினார்.

"அந்த அதலக்காய்க்காரரு இப்ப வாராரா?"

"இல்ல டீச்சர்."

"பாத்தீங்களா." முகத்தில் ஒரு நிம்மதி. "தப்பு இல்லேன்னா வந்திருப்பாருல்ல. நான் சொன்னது சரிதான்."

சொல்வதற்கு எனக்கு ஆயிரம் இருந்தது. டீக்கடைச் சிரிப்பு, வெயிலில் இருந்த சாக்கு, அந்தப் பிள்ளையின் தூக்கம். சொன்னால் அதிலும் ஒரு பாயிண்ட் எடுப்பார்.

மதுரை பஸ் வந்தது. கூட்டம் முண்டியது. அந்தம்மா கம்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு பெரிய பையைப் படியில் ஏற்றப் பார்த்தார், ஏறவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் முன்பின் தெரியாதவர்கள் பை என்றாலும் ஒரு கை கொடுப்பது பழக்கம்; கேட்கக்கூட வேண்டியதில்லை. என் இரண்டு கையும் சும்மாதான் இருந்தன. வேறு யாரோ ஒரு பையன் வந்து தூக்கி வைத்தான். பஸ் புறப்பட்டுப் போகும்வரை நான் கையைக் கட்டிக்கொண்டு அங்கேயேதான் நின்றேன்.